நுரையீரல் நோயில் கால் வீங்குவது ஏன்?

பத்துப் பதினைந்து வருடங்களாக இளைப்புக்கு இன்ஹேலர் எடுத்துவரும் ஒருவருக்குக் கொஞ்ச நாளாக மாலையானால் செருப்பு இறுக்குகிறது. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. அது நிரம்ப நேரமாகிறது. மருத்துவர் மார்பு எக்ஸ்ரேயோடு நிற்காமல் இசிஜி, எக்கோ என்று எழுதித் தருகிறார். நோய் நுரையீரலில் இருக்கும்போது இதயத்தை எதற்குப் பார்க்கிறார்கள் என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் இதயத்தின் வலப்பக்கத்தில் இருக்கிறது. மாரடைப்பு, பிபி, ஆஞ்சியோ என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இடப்பக்கத்தைப் பற்றி. வலப்பக்கம் பழுதாகும்வரை அதன் பெயரைக்கூட யாரும் எடுப்பதில்லை.

ஒட்டிப் பிறந்த இரண்டு பம்புகள்

நடுச்சுவர் ஒன்றைப் பங்கு போட்டுக்கொண்டு ஒட்டி நிற்கும் இரண்டு பம்புகள் என்று இதயத்தை நினைத்துக்கொள்ளலாம். உடம்பைச் சுற்றிவிட்டு ஆக்சிஜன் குறைந்து திரும்பும் ரத்தம் வலது மேலறைக்கு வந்து, வலது கீழறைக்கு இறங்கி, நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே கார்பன் டை ஆக்சைடை விட்டு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு இடது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து இடது கீழறை, மகாதமனி, மறுபடி உடம்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இந்தச் சுற்றில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. இரண்டு பம்பும் ஒரே வட்டத்தில் இருப்பதால் இரண்டும் அதே 5 லிட்டரைத் தள்ளியாக வேண்டும். ஒன்று பின்தங்கினால், அதற்கு முந்தைய இடத்தில் ரத்தம் தேங்கும்.

தள்ளும் அளவு ஒன்றுதான், அழுத்தம் வேறு. இடப்பக்கம் 120/80 அளவில் தள்ளும்போது, நுரையீரல் தமனியில் அழுத்தம் 25/10 அளவில்தான் இருக்கும். சராசரி சுமார் 14 மி.மீ. பாதரசம். இவ்வளவு குறைவு எப்படிப் போதுகிறது? நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் குழாய்கள் மெல்லியவை, நன்றாக விரிந்து கொடுப்பவை, எண்ணிக்கையில் ஏராளம். ஓடும்போது ரத்த ஓட்டம் மூன்று நான்கு மடங்கு கூடினாலும், அதுவரை மூடிக்கிடந்த தந்துகிகள் திறந்துகொண்டு அழுத்தத்தை அதிகம் ஏறவிடாமல் தாங்கிக்கொள்கின்றன. அதனால் வலது கீழறைக்குத் தடித்த தசை தேவைப்படவில்லை. அதன் சுவர் 3 முதல் 5 மி.மீ. தடிப்பு, இடது கீழறையின் சுவர் சுமார் 10 மி.மீ. நிறைய ரத்தத்தை எளிதான வழியில் தள்ள அமைந்த பம்பு அது. வழி இறுகினால் அதற்குத் திணறல்தான். நாள்பட்ட நுரையீரல் நோய் செய்வது அந்த வழியை இறுக்குவது.

காற்று வராத இடத்துக்கு ரத்தம் எதற்கு?

நுரையீரலின் ரத்தக் குழாய்களுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. உடம்பின் மற்ற இடங்களில் ஆக்சிஜன் குறைந்தால் குழாய்கள் விரிந்து அதிக ரத்தத்தை விடும். நுரையீரலில் நேர்மாறு. ஒரு காற்றறையில் ஆக்சிஜன் குறைந்தால் அதற்குப் போகும் சிறு தமனி சுருங்கிக்கொள்ளும். வான் ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் என்ற இரண்டு ஸ்வீடன் ஆய்வாளர்கள் பூனைகளில் இதை அளந்து 1946 இல் எழுதினார்கள்.

யோசித்தால் இது நல்ல புத்திசாலித்தனம். நுரையீரலின் ஒரு மூலையைச் சளி அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். அங்கே போகும் ரத்தம் ஆக்சிஜன் ஏற்றாமல் வெறுங்கையோடு திரும்பி, நல்ல ரத்தத்தோடு கலந்து மொத்த அளவைக் கெடுக்கும். அந்த மூலைக்கான குழாய் சுருங்கிவிட்டால், ரத்தம் காற்று வரும் இடங்களுக்குத் திரும்பிவிடும். நிமோனியாக் காய்ச்சலில் உயிரைக் காப்பதில் இந்தச் சுருக்கத்துக்கும் பங்கு உண்டு.

சிஓபிடி (மூச்சுக்குழாய் குறுகிக் காற்று வெளியேறச் சிரமப்படும் நாள்பட்ட நோய்), நுரையீரல் நார்த்தடிப்பு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு போன்றவற்றில் ஆக்சிஜன் ஒரு மூலையில் மட்டும் குறைவதில்லை. இரண்டு நுரையீரலிலும் பரவலாகக் குறைகிறது. அப்போது பெரும்பாலான குழாய்கள் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. திருப்பிவிட நல்ல இடம் மிச்சமில்லை. ரத்தம் போக வேண்டிய வழி முழுவதும் நெருக்கடியாகி அழுத்தம் ஏறுகிறது. கார்பன் டை ஆக்சைடு தேங்கி ரத்தம் அமிலமானால் சுருக்கம் இன்னும் கூடும். இது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடித்தால் சிறு தமனிகளின் சுவரிலுள்ள தசை தடித்து உள்வழியே குறுகிவிடும். ஆரம்பத்தில் ஆக்சிஜன் கொடுத்தால் விலகியிருக்கும் சுருக்கம், இந்தக் கட்டத்தில் முழுவதும் விலகாது. ஆக்சிஜன் குறைவைச் சீக்கிரம் கண்டுபிடிக்கச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சுருக்கம் ஒன்றுதான் காரணம் என்றில்லை. எம்பைசீமாவில் காற்றறைச் சுவர்கள் அழியும்போது அவற்றிலுள்ள தந்துகிகளும் சேர்ந்தே போகின்றன; சாலைகள் மூடி, வண்டிகள் மட்டும் அப்படியே இருக்கும் நிலை. நார்த்தடிப்பில் தழும்பு குழாய்களை நெரிக்கிறது. ஆக்சிஜன் குறைவை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை அதிகச் சிவப்பணுக்களை உண்டாக்க, ரத்தம் தடித்துத் தள்ளக் கடினமாகிறது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹெமட்டோகிரிட் 55 சதவீதத்தைத் தாண்டினால் மருத்துவர் இதைக் கவனிப்பார்.

அடைபட்ட காற்றின் நெருக்கல்

சிஓபிடியில் இன்னொரு காரணமும் உண்டு. அதிகம் பேசப்படாதது, ஆனால் தினசரி வாழ்க்கையில் மிகவும் உறைப்பது. மூச்சுக்குழாய் குறுகியிருப்பதால் காற்று வெளியேற நேரமெடுக்கும். ஒரு மூச்சு முழுதாக வெளியே போவதற்குள் அடுத்த மூச்சு உள்ளே வந்துவிடும். மாடிப்படி ஏறும்போது மூச்சு வேகம் கூட, ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று மிச்சம் விழுந்து மார்பு ஊதிக்கொள்கிறது.

இது இதயத்தை மூன்று விதத்தில் பாதிக்கும். ஊதிய காற்றறைகளின் சுவர் இழுபட்டு அதிலுள்ள தந்துகிகள் நசுங்குவதால் வலது கீழறைக்குச் சுமை ஏறும். சாதாரண மூச்சை விட்டு முடிக்கும் கட்டத்தில்தான் நுரையீரல் குழாய்களின் தடை மிகக் குறைவு. அதைவிட ஊதினாலும் சுருங்கினாலும் தடை கூடும். இரண்டாவது, மார்புக்குள் அழுத்தம் கூடி, உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். மூன்றாவது, அடைப்பை மீறி மூச்சை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் மார்புக்குள் உறிஞ்சும் அழுத்தம் உண்டாகிறது. இடது கீழறை அந்த உறிஞ்சலை எதிர்த்து ரத்தத்தை வெளியே தள்ள வேண்டும். தசை நன்றாக இருந்தும் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் அளவு குறைவதற்கு இவைதான் காரணம்.

உதட்டைக் குவித்து மூச்சு விடச் சொல்லும் பயிற்சி இங்கேதான் உதவுகிறது. மூக்கால் இரண்டு எண்ணும் நேரம் இழுத்து, விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் நேரம் மெதுவாக விட வேண்டும். ஊதித் தள்ளக் கூடாது; பலமாக ஊதினால் சிறு மூச்சுக்குழாய்கள் மூடிக்கொண்டு காற்று இன்னும் அடைபடும். படியேறும்போது மூச்சை விடும் நேரத்தில் கால் வைப்பது நல்லது.

வலப்பக்கம் தோற்கும் விதம்

சுமை மெதுவாக ஏறினால் வலது கீழறை முதலில் தசையைத் தடிப்பாக்கிச் சமாளிக்கும். இந்தக் காலத்தில் அறிகுறி பெரிதாக இருக்காது. வழக்கத்தைவிட இளைப்பு கூடியிருக்கும், அதை நுரையீரல் கணக்கில் எழுதிவிடுவோம். அடுத்து அறை விரிவடையும். விரியும்போது வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வின் இதழ்கள் சேர முடியாமல் ரத்தம் பின்னால் கசியும். ரத்தம் பின்னே தேங்கத் தேங்க, கழுத்துச் சிரை புடைக்கும், கல்லீரல் வீங்கி வலது விலாவுக்குக் கீழே கனம், வயிறு உப்பல், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த உணர்வு வரும், கணுக்கால் வீங்கும். நுரையீரல் நோயால் வலது கீழறை இப்படி மாறுவதைக் கார் பல்மொனேல் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1963 இல் இதற்கு இலக்கணம் வகுத்தபோது, இடப்பக்க இதய நோயாலோ பிறவி இதய நோயாலோ வருவதைத் தனியே ஒதுக்கிவிட்டது.

நடுச்சுவரும் சும்மா இருப்பதில்லை. அழுத்தம் ஏறிய வலது கீழறை அதை இடப்பக்கம் தள்ளும். எக்கோவில், வட்டமாகத் தெரிய வேண்டிய இடது கீழறை ஒரு பக்கம் தட்டையாகிப் பாதி நிலா போலத் தெரியும். அதற்குள் ரத்தம் நிரம்ப இடம் குறைவதால் உடம்புக்குப் போகும் ரத்தமும் குறைந்து அசதி, நடக்கும்போது தலைசுற்றல் வரும். நோய் வலப்பக்கத்தில் தொடங்கினாலும் இடப்பக்கம் பாதிக்கப்படுவது இப்படித்தான்.

ஆனால் கால் வீங்கியதும் இதயம் தோற்றுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு தேங்கும் சிலருக்கு, வலது கீழறை ஓரளவு நன்றாக இருக்கும்போதே சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைத்துக் கால் வீங்கும். அம்லோடிபின், பிரெட்னிசலோன் போன்ற மாத்திரைகளும் வீக்கம் தரும். இளைப்பால் படுக்க முடியாமல் இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குபவர்களுக்குக் காலைத் தொங்கவிட்டதாலேயே வீங்குவதுண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் சிரையில் ரத்தக்கட்டி இருக்கலாம். அது நுரையீரலுக்கு நகர்ந்தால் ஆபத்து என்பதால் அன்றே பார்க்க வேண்டும்.

இன்னொன்று. சிஓபிடியில் நுரையீரல் தமனி அழுத்தம் பெரும்பாலும் மிதமாகத்தான் ஏறும். ஊதச் சொல்லி நுரையீரலை அளக்கும் ஸ்பைரோமெட்ரியில் பாதிப்பு சுமாராக இருக்கையில் அழுத்தம் மட்டும் எக்கச்சக்கமாக இருந்தால், சிஓபிடி மீதே பழியைப் போட்டுவிட்டு நகரக் கூடாது. பழைய ரத்தக்கட்டிகள், குறட்டையோடு மூச்சு நிற்கும் தூக்கக் கோளாறு, இடது இதயத் தளர்ச்சி ஆகியவற்றைத் தேட வேண்டும்.

இடப்பக்கமும் நோயாளியாக இருக்கலாம்

புகைப்பழக்கம் நுரையீரலையும் கெடுக்கும், இதயத் தமனிகளையும் கெடுக்கும். அதனால் சிஓபிடியும் மாரடைப்பு அபாயமும் ஒரே ஆளிடம் கூடி வருவது சகஜம். சளி, இளைப்பு திடீரென்று முற்றும் நாட்களிலும் அதை அடுத்த சில வாரங்களிலும் மாரடைப்பு அபாயம் கூடுகிறது. அந்த நேரத்தில் வரும் மார்பு அழுத்தத்தை "இருமி இருமி வந்த வலி" என்று தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இடது கீழறை தளர்ந்தால் ரத்தம் நுரையீரலில் தேங்கி அதுவும் இளைப்பாகத்தான் தெரியும். வீசிங் சத்தம்கூட வரலாம். படுத்ததும் மூச்சு முட்டுவது, நடுராத்திரியில் திணறி எழுந்து உட்காருவது இடப்பக்கத்தைச் சுட்டும். ஆனால் முற்றிய சிஓபிடியிலும் படுக்கச் சிரமம் உண்டு. இதயத்துக்குச் சுமை ஏறும்போது கூடும் பிஎன்பி என்ற பொருளை அளக்கும் ரத்தப் பரிசோதனை உதவும், தீர்ப்புச் சொல்லாது. வலது கீழறை விரிந்தாலும் அந்த அளவு கூடும். அளவு மிகக் குறைவாக இருந்தால் இதயத் தளர்ச்சி இல்லை என்று ஓரளவு நம்பலாம். கூடியிருந்தால் எக்கோ தேவை.

இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும் என்ற பயத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். இதயத்தை மட்டும் பெரும்பாலும் குறிவைக்கும் பைசோபிரோலால், மெட்டோபிரோலால் போன்றவற்றை, இதயத் தளர்ச்சியோ மாரடைப்போ காரணமாக வேண்டியிருந்தால் சிஓபிடி உள்ளவர்களுக்குத் தரலாம். சிறு அளவில் தொடங்கி ஏற்றுவார்கள். ஆஸ்துமாவில் எச்சரிக்கை அதிகம் தேவை. இதயக் காரணம் எதுவும் இல்லாமல் சிஓபிடிக்காகவே மெட்டோபிரோலால் கொடுத்துப் பார்த்த 2019 ஆம் ஆண்டு ஆய்வில் பலன் கிடைக்கவில்லை. மருத்துவமனையில் சேரும் அளவுக்கு முற்றுவது கூடியது.

சோதனைத் தாளில் என்ன பார்ப்பது

எக்கோ தாளில், வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள முக்கோண வால்வுக் கசிவின் வேகம் என்று ஓர் எண் இருக்கும். வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் வலது கீழறைக்கும் மேலறைக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் கிடைக்கும். விநாடிக்கு 2.8 மீட்டர் என்றால் சுமார் 31. மேலறை அழுத்தம் 5 என்று கூட்டினால் 36 மி.மீ. 2.8 வரை, வேறு அடையாளம் எதுவும் இல்லாவிட்டால், நுரையீரல் தமனி அழுத்தம் கூடியிருக்கும் சந்தேகம் குறைவு, 3.4ஐத் தாண்டினால் சந்தேகம் வலுவானது. வலது கீழறை சுருங்கும் திறனைக் காட்டும் டேப்ஸி என்ற அளவு 17 மி.மீ.க்குக் குறைந்தால் பலவீனம்.

ஊதிய நுரையீரல் அல்ட்ராசவுண்டை மறைப்பதால் சிஓபிடியில் எக்கோ படம் தெளிவாகக் கிடைப்பது கடினம். கருவியை நெஞ்செலும்புக்குக் கீழே வைத்துப் பார்ப்பார்கள். கணக்கிட்ட அழுத்தம் நிஜத்திலிருந்து 10 மி.மீ.க்கு மேலும் விலகலாம். அதனால் ஓர் எக்கோ எண்ணைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். உறுதியான அளவு வேண்டுமென்றால் வலது இதயத்துக்குள் குழாய் செலுத்தி அளக்க வேண்டும். அதில் சராசரி 20 மி.மீ.க்கு மேல் இருந்தால் நுரையீரல் ரத்தக் கொதிப்பு. முன்பு இந்த எல்லை 25 ஆக இருந்தது. சிகிச்சையை மாற்றாது என்று தெரிந்தால் இந்தச் சோதனையை எல்லோருக்கும் செய்வதில்லை. இசிஜியில் உயரமான பி அலை, வலப்பக்கம் சாய்ந்த அச்சு ஆகியவை தெரியலாம்; தெரியாததால் நோய் இல்லை என்று ஆகாது.

ஆக்சிஜன் இதயத்துக்கும் மருந்து

குழாய்களைச் சுருக்கியது ஆக்சிஜன் குறைவு என்றால், அதைச் சரிசெய்வதுதான் முதல் சிகிச்சை. பிரிட்டனில் 87 பேரிடம் நடந்து 1981 இல் வெளியான ஆய்வில், தினம் 15 மணி நேரமாவது ஆக்சிஜன் எடுத்த 42 பேரில் ஐந்து வருடத்தில் 19 பேர் இறந்தார்கள். எடுக்காத 45 பேரில் 30 பேர். அதற்கு முந்தைய வருடம் வந்த அமெரிக்க ஆய்வில், இரவில் மட்டும் எடுத்தவர்களைவிட நாள் முழுக்க எடுத்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள். இளைப்பு வரும்போது மட்டும் பத்து நிமிடம் மாஸ்க் வைத்துக்கொள்வதற்கு இந்தப் பலன் கிடையாது. குழாய்கள் மணிக்கணக்கில் தளர்ந்திருந்தால்தான் வலது கீழறைக்கு ஓய்வு.

எல்லோருக்கும் இது தேவையில்லை. நோய் நிதானமாக உள்ள காலத்தில், ஓய்வில், தமனி ரத்த ஆக்சிஜனின் அழுத்தம் 55 மி.மீ. அல்லது அதற்குக் கீழ், அல்லது ஆக்சிஜன் செறிவு 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் தருவார்கள். 55க்கும் 60க்கும் நடுவில் இருந்து, வலது இதயப் பாதிப்போ கால் வீக்கமோ தடித்த ரத்தமோ இருந்தாலும் தருவார்கள். மூன்று வார இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து உறுதிசெய்வது முறை. ஓய்வில் செறிவு 89 முதல் 93 சதவீதம் வரை உள்ளவர்களுக்கு நீண்டகால ஆக்சிஜனால் ஆயுள் கூடவில்லை என்று 2016 ஆய்வு காட்டியது. பல்ஸ் ஆக்சிமீட்டரில் ஓரிரு புள்ளி ஏறியிறங்குவதற்குப் பொருள் இல்லை. நகப்பூச்சு, குளிர்ந்த விரல் இரண்டும் எண்ணைக் கெடுக்கும், கறுத்த தோலில் நிஜத்தைவிடக் கூட்டிக் காட்டலாம். விரலைச் சூடாக்கி ஒரு நிமிடம் காத்திருந்து படியுங்கள்.

அதிக ஆக்சிஜனும் கெடுதல் செய்யும். கார்பன் டை ஆக்சைடு தேங்கும் சிஓபிடி நோயாளிக்கு அவசர நேரத்தில் இலக்கு 88 முதல் 92 சதவீதம். 98க்கு ஏற்றுவது அக்கறை அல்ல. முன்பு சொன்ன அந்தப் புத்திசாலிச் சுருக்கம் விலகி, காற்று சரியாகப் போகாத இடங்களுக்கும் ரத்தம் பாய்ந்து கார்பன் டை ஆக்சைடு இன்னும் தேங்கும். மயக்கம், காலையில் தலைவலி, குழப்பம் அதன் அடையாளங்கள். வீட்டில் இளைப்பு கூடியதும் கான்சன்ட்ரேட்டரை (ஆக்சிஜன் தரும் கருவி) 2 லிட்டரிலிருந்து 5 லிட்டருக்குத் திருகுவது இதனால்தான் ஆபத்து. அடுப்பு, பீடி, சிகரெட், விளக்கு எதையும் பக்கத்தில் அண்டவிடக் கூடாது.

குழாயை விரிக்கும் சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகளை ஏன் தருவதில்லை என்பதற்கும் பெரும்பாலும் இதே பதில்தான். அவை நல்ல இடம், கெட்ட இடம் பார்க்காமல் விரிக்கும், ஆக்சிஜன் இறங்கிவிடலாம். நார்த்தடிப்பு வகை நோய்களில் ஆம்ப்ரிசென்டன், ரியோசிகுவாட் என்ற இரண்டு குழாய் விரிப்பு மருந்துகளும் தீங்கு செய்ததால் ஆய்வுகளையே நிறுத்தினார்கள். மூச்சோடு இழுக்கும் டிரெப்ரோஸ்டினில் என்ற மருந்து காற்று போகும் இடங்களுக்கே அதிகம் போய்ச் சேருகிறது. நார்த்தடிப்போடு வரும் கொதிப்புக்கு அமெரிக்காவில் 2021 இல் அனுமதி கிடைத்தது. சிஓபிடிக்கு அது பொருந்தவில்லை.

நீர் மாத்திரை வீக்கத்தை வடிக்கும், ஆனால் கணக்காக. தோற்கும் வலது கீழறை நன்றாக நிரம்பினால்தான் தள்ளும். ஒரேயடியாக நீரை எடுத்துவிட்டால் பிபி இறங்கித் தலை சுற்றும். உப்புக்கள் குறைந்து ரத்தம் காரமானால் மூச்சு மந்தமாகி கார்பன் டை ஆக்சைடு ஏறும். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் நெபுலைசரும் ஃப்ரூசமைடு என்ற நீர் மாத்திரையும் சேர்ந்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். எனவே மாத்திரை தொடங்கினாலோ கூட்டினாலோ ஒன்று, இரண்டு வாரத்துக்குள் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய மிக எளிய கண்காணிப்பு எடை. காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், அதே அளவு உடுப்போடு நின்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது கொழுப்பு இல்லை, நீர். மருத்துவரைக் கூப்பிட வேண்டிய எடை. உதடு நீலமாதல், பேச்சில் குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம், நடக்கையில் மயங்கி விழுதல், மார்பில் அழுத்தம் இவற்றுக்கு எடையைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, உடனே அவசரப் பிரிவு.

விமானப் பயணத்துக்கு முன்பும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் 2,400 மீட்டர் உயர மலை அளவுக்குக் குறையலாம். தரையில் 15 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்கு அது சமம். தரையில் 92 காட்டுபவருக்கு அங்கே 80களில் இறங்கி, சுருங்கக் காத்திருக்கும் குழாய்கள் எல்லாம் மறுபடி சுருங்கும். அதை முன்கூட்டியே சோதித்துப் பார்க்கவும், விமானத்தில் ஆக்சிஜனுக்கு ஏற்பாடு செய்யவும் முடியும். டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டால்தான் அவகாசம் இருக்கும்.